தூணில் நீட்டிய கம்பி

திருகோணமலை நகரில் கொஞ்சம் உயரமான ஓர் இடத்தில் ஏறி நின்று கூரைகளைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் நெருக்கமாக வீடுகள். ஓட்டுக் கூரைகள், தகரக் கூரைகள், அவற்றுக்கிடையே தட்டையான கொங்கிறீட் தட்டுகள். அந்தத் தட்டுகளின் மூலைகளிலே தூணுக்கு நாலு கம்பி வீதம் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். மேல்மாடி கட்டுவதற்காக விட்டு வைத்த கம்பிகள் அவை. சில வீடுகளில் அவை ஐந்து வருடமாக நிற்கின்றன, சில வீடுகளில் இருபது வருடமாக. கட்டியவர் மௌத்தாகிப் போன பின்பும் கம்பி மட்டும் நிற்கிற வீடுகளும் உண்டு.

எங்கள் வீட்டிலும் அப்படி ஆறு தூண்கள் இருக்கின்றன. அந்த இருபத்துநாலு கம்பிகளை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். அடி மேல் அடி விழுகின்ற ஒரு வாழ்க்கையில் பெரிதாக ஒன்றைத் திட்டமிடுவது எத்தகைய செயல்? அது அல்லாஹ்வின் மீது வைத்த நம்பிக்கையா? வெறும் பிடிவாதமா? அல்லது அக்கம்பக்கத்தாரின் கண்ணுக்குப் பயந்த ஒரு வெட்கமா? நான் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். விடை தெரியாத கேள்வியை வகுப்பில் கேட்கக் கூடாதென்று எங்களுக்குப் பயிற்சிக் கலாசாலையில் சொல்லித் தந்தார்கள். அந்த விதியை இன்று மீறுகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ‘எங்கள் வீடு’ என்று நான் சொல்வது ஒரு பேச்சுவழக்கு மாத்திரமே. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழமைப்படி வீடு பெண்ணுக்கு உரியது. மாமா 1973இல் கட்டிய இரண்டறை ஓட்டு வீட்டை என் மனைவியின் பேருக்கு எழுதி வைத்தார். 1992இல் நான் ஒரு சூட்கேசோடும் ஒரு பெட்டி புத்தகத்தோடும் அதற்குள் குடிவந்தேன். உறுதியில் இருப்பது அவளுடைய பெயர். வரியும் அவள் பெயரிலேயே வருகிறது. இந்தச் சின்ன விபரம் பின்னால் முக்கியமாகும்.

வீட்டைப் பெருப்பிக்கும் முதல் திட்டத்தை 2003இல் போட்டேன். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, சோதனைச் சாவடிகள் குறைந்து, மக்கள் மூச்சுவிடத் தொடங்கிய காலம் அது. நகரில் எங்கு பார்த்தாலும் மணலும் கல்லும் குவிந்து கிடந்தன. நானும் ஓர் அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து அடிக்கோலால் கோடு போட்டேன். முன்னுக்கு ஒரு விறாந்தை, பக்கத்தில் ஓர் அறை, பின்னுக்கு ஒரு புதுக் குசினி. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு பூனை வரைந்தாள். தாள் இப்போதும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலையில் வெளிக்கடல் எழுந்து வந்தது. எங்கள் முற்றத்துக்கு வந்த நீர் முழங்காலளவு நின்று திரும்பிப் போனது. கிண்ணியாவில் என் ராத்தாவின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மாத்திரம் எஞ்சியது. கிண்ணியா வைத்தியசாலையே கடலோடு போன நாள் அது. கரையிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றருக்குள் மீண்டும் கட்டக் கூடாதென்று அரசு விதி போட்டது. 2005இலேயே அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள் என்றாலும், இடைப்பட்ட மாதங்களில் தன் சொந்த வளவில் கல் வைக்க உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கூடாரத்தில் இருந்தவர்களின் முகம் எனக்கு மறக்காது. முழுதாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா, பகுதியாகச் சேதமானதற்கு ஒரு இலட்சம் என்று கட்டம் கட்டமாகக் கிடைத்த உதவி பலருக்குச் சுவர்மட்டம் வரை கொண்டுபோனது. மீதிக்கு ராத்தா என்னிடம் வந்தாள். என் விறாந்தைக்கும் குசினிக்கும் சேர்த்து வைத்த காசு அவளுடைய கூரையாகிப் போனது.

இரண்டாவது திட்டம் 2006. இம்முறை ஓர் அறை மட்டும். அறுநூறு சீமெந்துக் கல் வாங்கி முற்றத்தில் அடுக்கினேன். அந்த ஆகஸ்ட் மாதம் மாவிலாற்று மதகுப் பிரச்சினையில் தொடங்கிய சண்டை மூதூருக்குள் வந்தது. ஊர் முழுவதும் கால்நடையாகக் கிளம்பிற்று. பெரும்பாலானோர் கந்தளாய்க்குப் போனார்கள். மனைவியின் பெரியம்மா வீட்டார் பதினொரு பேர் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். முற்றத்துக் கல் அடுப்பாயிற்று. பெண்களுக்குக் குளிப்பதற்கு மறைப்பாயிற்று. முதியவர் ஒருவருக்குத் தொழுவதற்கு உட்காரும் மேடையாயிற்று. அவர்கள் திரும்பிப் போனபோது பாதிக் கல் கரி படிந்தும் உடைந்தும் கிடந்தது. அறை எழும்பவில்லை. ஆனால் அந்தக் கல் வீணாயிற்று என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் நன்மைக்கே, நல்லதையே நினையுங்கள், மனத்தைத் தளரவிடாதீர்கள். இந்தச் சொற்களை நானும் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவற்றைக் கேட்கும் இடத்தில் இருக்கும்போது அவை வேறாக ஒலிக்கின்றன. கடல் கொண்டுபோன பிள்ளையின் தாயிடம் எல்லாம் நன்மைக்கே என்று சொன்ன ஒருவரை நான் கண்டேன். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சொல்லால் ஆறுதல் அடைந்தவர் சொன்னவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1755 நவம்பர் முதலாந் திகதி போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரைப் பூமியதிர்ச்சியும் அதன் பின்னே கடலும் தீயும் அழித்தன. சாத்தியமான உலகங்களிலே மிகச் சிறந்தது இதுதான் என்று ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1710இல் வாதிட்டிருந்தார். லிஸ்பனின் இடிபாடுகளைக் கண்ட வோல்தேருக்கு அந்த வாதம் சகிக்க முடியாததாயிற்று. 1759இல் அவர் எழுதிய ‘கந்தீத்’ என்ற கதையில் எல்லாத் துன்பத்துக்கும் நடுவே எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று ஒப்புவிக்கும் ஒரு குருவைப் படைத்துக் கேலி செய்தார். கதையின் முடிவில் அந்த மனிதர்கள் வாதத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தைக் கொத்தப் போகிறார்கள்.

லைப்னிட்ஸுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி இதையொத்த ஒரு கருத்தைத் தமது ‘இஹ்யா’வில், தவக்குல் பற்றிய பகுதியில் எழுதியிருக்கிறார். இருப்பதைவிடச் சிறப்பான ஒன்று இருக்க முடியாது என்ற பொருள்பட அவர் சொன்னது, அவர் 1111இல் காலமான பின்பும் பல நூற்றாண்டுகளுக்கு உலமாக்களிடையே விவாதத்தைக் கிளப்பியது. அப்படியானால் அல்லாஹ்வின் ஆற்றலுக்கு நீங்கள் எல்லை போடுகிறீர்களா என்று ஒரு சாரார் கேட்டார்கள். அந்த விவாதத்தில் புகுவதற்கு எனக்குத் தகுதியில்லை. எனக்குப் பயன்பட்டது அதே பகுதியில் அவர் சொல்லும் இன்னொன்று. பசித்தவன் முன்னால் உணவு இருக்க, கையை நீட்டுவது தவக்குலுக்கு மாற்றம் என்று எண்ணி அவன் வாளாவிருந்தால் அது பைத்தியமே தவிர தவக்குல் இல்லை என்கிறார் இமாம். உலகம் சிறந்த ஒழுங்கில் இருக்கிறது என்று சொன்ன அதே மனிதர்தான் கையை நீட்டு என்றும் சொல்கிறார். அந்த ஒழுங்கிலே என் கையும் ஒரு பகுதி என்பதே இதன் கருத்தென நான் விளங்கிக்கொள்கிறேன்.

முஃமினுடைய காரியம் எல்லாமே நன்மையாக அமைகிறது என்ற நபிமொழியைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். அதை முழுமையாக வாசித்தால் ஒரு நுட்பம் புலப்படும். மகிழ்ச்சி வந்தால் அவன் நன்றி செலுத்துகிறான், துன்பம் வந்தால் பொறுமை கொள்கிறான், அதனால் அது அவனுக்கு நன்மையாகிறது என்பதே அதன் சாரம். துன்பம் இனிப்பானது என்று அங்கே சொல்லப்படவில்லை. அதை அவன் எதிர்கொண்ட விதத்திலேதான் நன்மை உண்டாகிறது. கடல் வந்தது நல்லது என்று நான் நம்ப வேண்டியதில்லை. கடல் போன பிறகு ராத்தாவுக்குக் கூரை போட்டது நல்லது என்று நம்பினால் போதும்.

யஃகூப் நபியின் வரலாறும் இதையே சொல்கிறது. யூஸுபை இழந்த துயரத்தில் அழுது அழுது அவரது கண்கள் வெளுத்துப் போயின. அழகிய பொறுமையின் உதாரணமாகக் காட்டப்படுகிறவரே அப்படி அழுதார். அவருடைய நம்பிக்கை முகமலர்ச்சியாக வெளிப்படவில்லை. பிள்ளைகளை அழைத்து, நிராசை அடையாதீர்கள், போய்த் தேடுங்கள் என்று அனுப்பினார். அழுதுகொண்டே ஆளனுப்பித் தேடச் சொன்ன அந்தச் செயலில்தான் நம்பிக்கை இருந்தது. சிரித்த முகத்தை நம்பிக்கையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் யஃகூப் நபியைக்கூட நாம் தவறாகவே அளப்போம்.

இவ்வளவும் விளங்கிய பின்னும் நான் மூன்றாவது திட்டத்தில் தவறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2018இல் ஓய்வுபெற்றேன். கையில் பணிக்கொடைப் பணம். மகள் படித்து முடித்து ஒரு பாடசாலையில் ஆசிரியையாகிவிட்டாள். இரண்டு திட்டங்கள் பிழைத்துப்போன ரோசமோ என்னவோ, மூன்றாவதைப் பெரிதாகப் போட்டேன். முன்பக்கத்தை உடைத்து, ஆறு தூண் எழுப்பி, கொங்கிறீட் தட்டுப் போட்டு, மேலே மகளுக்கு முழுதாய் ஒரு மேல்வீடு. கீழே நாங்கள், மேலே அவளும் வரப்போகும் மருமகனும். தூணும் தட்டும் 2019 தொடக்கத்தில் முடிந்தன. மேலே கம்பி நீட்டி நின்றது. அந்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. அதன் பின் எங்கள் சமூகத்துக் கடைகளில் என்ன நடந்தது என்பது வாசகருக்குத் தெரியும். எனக்குக் கடன் தருவதாகச் சொல்லியிருந்த மச்சானின் புடைவைக் கடைக்கு ஆட்கள் வருவது நின்றது. அடுத்த வருடம் கொரோனா. 2021 ஓகஸ்டில் ஒரு சுபஹ் நேரம் மனைவி வுழூச் செய்யப் போய்த் தாழ்வாரத்தில் விழுந்தாள். பாரிசவாதம். வலப்பக்கம் இயங்கவில்லை. பேச்சு மிக மெதுவாகத்தான் திரும்பி வந்தது.

அதற்கு முந்திய வருடம் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் அவர்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. மேல்வீடு எப்ப முடியும்?

நான் இன்ஷா அல்லாஹ் என்றேன். எத்தனையோ தடவை இன்ஷா அல்லாஹ் என்றேன். நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி கஹ்பு அத்தியாயத்தில் கற்பிக்கப்படுகிறது. அது மனிதனுடைய வார்த்தைக்குப் பணிவைச் சேர்ப்பதற்காக. நானோ அதை எனக்குத் தெரிந்த ஓர் உண்மையை மறைக்கப் பாவித்தேன். முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. 2021 நவம்பரில் ஐம்பது கிலோ சீமெந்துப் பை 1,275 ரூபா. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு நடுப்பகுதியில் அதே பை 3,000 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். எங்கள் துறைமுகத்துக்கு அப்பால், சீனக்குடாப் பக்கத்தில்தான் சீமெந்து ஆலை இருக்கிறது. அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே சீமெந்து வாங்க வழியில்லாமல் நின்றோம். கிளிங்கர் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதற்கு டொலர் வேண்டும், டொலர் நாட்டில் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஆலை இருப்பதால் விலை வீட்டுக்குப் பக்கத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை என்ற பொருளியல் பாடத்தை அந்த வயதில் படித்தேன்.

இருந்தும் திட்டத்தை விடவில்லை. மனைவியின் மருந்துக்கும் உடற்பயிற்சி வைத்தியத்துக்கும் எடுத்து வைத்த பணத்திலிருந்து கம்பி வாங்கலாமா என்றுகூட ஓர் இரவு கணக்குப் பார்த்தேன். கணக்குக் கொப்பியை மூடி வைத்த பின்பு வெகுநேரம் நித்திரை வரவில்லை. வெளியில் எல்லாரும் சேரின் மனவுறுதியைப் பாருங்கள் என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழும் எனக்குப் பிடித்திருந்தது. நான் தவக்குல் என்று பெயரிட்டிருந்தது ஒரு வெட்கத்தை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவன் வீடு கொடுக்காமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம். நம் பத்திரிகைகளில் சீதனத்துக்கு எதிராக எத்தனை கதை, எத்தனை கவிதை வந்தாயிற்று. அவற்றில் ஒன்றிரண்டை நானே மேடையில் பாராட்டிப் பேசியும் இருக்கிறேன்.

2022 இறுதியில் அவர்கள் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். மரியாதையாகவே முறித்தார்கள். அன்று இரவு மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“வாப்பா, ஒண்டு கேட்டா கோபிக்க மாட்டீங்களே?”

“கேள் மகள்.”

“இந்த மேல்வீடு ஆருக்கு? எனக்கெண்டா எனக்கு வேணாம். உம்மாக்கெண்டா உம்மாக்குப் படி ஏற ஏலா. உங்களுக்கெண்டா சொல்லுங்க.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு அவள் கேட்டது இன்னும் நேராக வந்தது. “உம்மாட வீடு இது. உம்மாட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா?”

முப்பது வருடத்தில் மூன்று திட்டம் போட்டவன், உறுதியில் பெயருள்ளவளிடம் ஒரு தடவையும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. அடுத்த நாள் காலை கேட்டேன். அவளுக்குச் சொல் வர நேரமெடுக்கும், காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். “யன்னல்” என்றாள். பிறகு, “படுத்துக்கொண்டு பாக்க” என்றாள்.

அவள் படுக்கும் அறையின் யன்னல் மாமா வைத்த பழைய யன்னல். திண்ணை உயரத்துக்கு மேலே இருப்பது. படுத்திருப்பவளுக்கு அதில் ஒரு துண்டு வானமும் மின்கம்பியும் மட்டுமே தெரியும். தெருவால் போகும் பிள்ளைகள், மீன்காரன், பள்ளிக்குப் போகிறவர்கள் யாரும் தெரியார். ஒன்றரை வருடமாக அவள் அப்படியே கிடந்திருக்கிறாள். நான் மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இங்கே ஒரு நபித்தோழரை நினைத்துக்கொள்கிறேன். கப்பாப் இப்னு அல்அரத். கடும் நோயால் வயிற்றில் ஏழு இடத்தில் சூடு போடப்பட்டிருந்த அவரை நோய் விசாரிக்கப் போனவர்கள், வேறொரு சமயம் அவர் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோதும் கண்டார்கள். ஒரு முஸ்லிம் செலவிடும் எல்லாவற்றுக்கும் கூலியுண்டு, இந்த மண்ணில் போடுவதற்கு மாத்திரம் இல்லை என்ற கருத்தில் அப்போது அவர் பேசியதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே அது குறிக்கும் என அறிஞர்கள் விளக்கம் தருவார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் போலவே அந்தக் காட்சியும் முக்கியம். மண்ணில் போடும் காசுக்குக் கூலியில்லை என்று சொல்கிறவர் கையில் மண்ணோடுதான் நிற்கிறார். சுவர் தேவை, ஆகவே கட்டுகிறார். அதைப் பெருமையென்றோ இபாதத்தென்றோ பெயர் மாற்றிக்கொள்ளாமல் கட்டுகிறார். நான் செய்யத் தவறியது அதுதான்.

கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள ஈச்சங்கன்றை முடிந்தால் நட்டுவிடும்படி சொல்லும் நபிமொழியை என் மூன்றாவது திட்டத்துக்கு ஆதாரமாக நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். கையில் ஏற்கெனவே ஒரு கன்று இருக்கிறது. அதை நடு என்பதே கட்டளை. இல்லாத தோட்டம் ஒன்றைக் கடன் வாங்கிப் போடு என்று அங்கே சொல்லப்படவில்லை. அந்தக் கன்று காய்க்கும் என்ற உறுதிமொழியும் அங்கில்லை. பலனைப் பற்றிய எதிர்பார்ப்பு அறவே இல்லாத ஓரிடத்தில் கடமை மட்டும் எஞ்சி நிற்கிறது. நன்றாகவே முடியும் என்று நினைப்பது ஒன்று. முடிவு எப்படியானாலும் இன்று என் கையிலுள்ளதைச் செய்வது இன்னொன்று. முதலாவதைத்தான் நேரான சிந்தனை என்று மேடைகளில் கற்பிக்கிறார்கள். ஒவ்வொரு தோல்வியிலும் அது கொஞ்சம் உடையும், மறுபடி ஒட்டவைக்க வேண்டும். இரண்டாவது அப்படி உடைவதில்லை, ஏனென்றால் அது நாளையிடம் ஒன்றையும் கேட்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழலாம். எதிர்காலத்தைக் கேட்காமல் எந்த வீட்டைத்தான் கட்டுவது? அத்திவாரம் போடுவதே நாளை இருப்போம் என்ற கணக்கில்தானே? உண்மைதான். 1973இல் மாமா நாளையை நினையாதிருந்தால் 2006இல் பதினொரு பேருக்குக் கூரை இருந்திராது. ஆகவே திட்டமிடுவதை நான் குறை சொல்லவில்லை. திட்டம் மனிதருக்காக இருக்கிறதா, மனிதர் திட்டத்துக்காக ஆகிவிட்டார்களா என்பதையே பார்க்கச் சொல்கிறேன். அடி விழும்போது திட்டம் வளைந்து கொடுத்தால் அது நம்பிக்கை. பக்கத்தில் படுத்திருப்பவர் வளைய வேண்டுமென்றால் அது வேறு ஏதோ.

நாலாவது திட்டத்தை 2023இல் மூவருமாக இருந்து போட்டோம். கோடு போட்டது மகள். மனைவி இடக்கையால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மேல்வீடு இல்லை. தூண் எழுப்பிய முன்பகுதியையே சுவர் வைத்து ஓர் அகலமான அறையாக்குவது. தரையோடு தாழ்ந்த திண்ணையுள்ள ஒரு பெரிய யன்னல் தெருப்பக்கம். சில்லு நாற்காலி நுழையும் அளவு அகலமான கதவு. வாசற்படிக்குப் பதிலாகச் சாய்வுப் பாதை. அது பன்னிரண்டு அடிக்கு ஓர் அடிதான் உயரலாம் என்று மகள் எங்கோ படித்து வந்தாள், அதன்படியே அளந்தோம். மலசலகூடத்தில் பிடித்தெழும்ப இரண்டு குழாய். செலவை மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அத்தோடு நின்றாலும் வீடு பாவனைக்கு உதவுமாறு அமைத்தோம். முதலில் யன்னல்.

வேலைக்கு வந்த மேசன் பாஸ் வயதானவர். தட்டில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“சேர், மேல கட்டப் போறீங்களா?”

“இல்லை பாஸ்.”

“அப்ப அந்தக் கம்பிய என்ன செய்யப் போறீங்க? சும்மா விட்டா தூணையும் திண்டுரும்.”

அவர் விளக்கிச் சொன்னார். உப்புக் காற்றில் நிற்கும் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். வெளியே தெரிகிற துரு கம்பி வழியே தூணுக்குள் இறங்கினால் உள்ளிருந்து விரிந்து கொங்கிறீட்டைப் பிளக்கும். மேல்மாடிக்கென்று விட்டு வைத்தது கீழ்வீட்டை உடைக்கும். சில வீடுகளில் தூணின் தலையில் வெடிப்பு விழுவதற்கு இதுதான் காரணம் என்றார். அறுத்து மூடலாம். அல்லது துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சீமெந்துப் பால் பூசி, சீமெந்து குறைந்த கலவையால் சின்னத் தூண்போல மூடி வைக்கலாம். பிறகு யாருக்காவது வேண்டுமானால் உடைத்தெடுக்கலாம்.

நான் அறுக்கச் சொன்னேன். மகள் வேண்டாமென்றாள். “மூடி வைங்க பாஸ். தேவப்பட்டவங்க பாத்துக்கொள்ளுவாங்க.” இருபத்துநாலு கம்பியையும் அவர் இரண்டு நாள் இருந்து தேய்த்தார்.

கைவிடவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. அப்படியும் ஒரு நிலை இருக்கிறதென்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நிறைவேறாத ஆசையை நாம் திறந்த வெளியில் நீட்டி வைத்திருக்கிறோம், அது உள்ளே இறங்கி இருக்கின்ற வாழ்வையும் பிளக்கிறது. அல்லது வெட்டியெறிந்துவிட்டுப் பெரும் துறவி போலப் பேசுகிறோம். தேய்த்துத் துடைத்து மூடி வைத்துவிட்டுக் கீழே உள்ளவர்களைக் கவனிப்பது இவ்விரண்டிலும் சேராது.

அறை 2024இல் முடிந்தது. மனைவிக்கு நடை திரும்பவில்லை. மகளுக்குச் சம்பந்தங்கள் வருகின்றன, போகின்றன. வீட்டைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் அது உம்மாவுடையது என்று மகளே சொல்லிவிடுகிறாள். எனக்கு அதைக் கேட்கும்போது இன்னும் நெஞ்சு பதைக்கிறது, மறைக்கவில்லை. என் வெட்கம் முழுதாகப் போய்விட்டதென்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாட்டை உலுக்கியபோது, மாவிலாற்று அணையின் கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. 2006இல் எங்களிடம் வந்தவர்களில் சிலர் மறுபடியும் வந்தார்கள். அன்று குழந்தைகளாக வந்தவர்கள் இம்முறை தங்கள் குழந்தைகளோடு வந்தார்கள். புது அறையில் பாய் விரித்தோம். நடமாட முடியாத ஒரு கிழவியை இருவர் நாற்காலியோடு சாய்வுப் பாதையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாதையைப் போடும்போது நாங்கள் அவரை நினைக்கவில்லை. மனைவி யன்னலோரம் படுத்திருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள். பிறகு என்னை அழைத்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எத்தனை பேருக்குச் சோறு வைக்க வேண்டுமென்று சொன்னாள்.